மாமா வீட்டு விரிசலும் என் கலர் மேப்பும்: நெய்வேலியில நிலம் இறங்குதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் எங்க மாமா வீட்டுச் சுவர்ல இருந்து ஆரம்பிக்குது.

நான் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவன்னு பல எபிசோட்ல சொல்லியிருக்கேன். ஆயா வீடு விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். ஆயா போனதுக்கு அப்புறம் அங்க மாமா குடும்பம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம், நல்ல வெயில்ல போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் மாமா என்னைப் பின்பக்க அறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஜன்னல் மூலையில ஆரம்பிச்சு, சாய்வா மேல ஏறி, கூரை வரைக்கும் ஒரு விரிசல். ஒரு ரூபாய்க் காசை உள்ள சொருகலாம். அவ்வளவு அகலம்.

"மாப்ள, நீ இன்ஜினியர்தானே. சுரங்கத்துல ராப்பகலா தண்ணி எடுக்கிறாங்களே, அதனால பூமி எறங்கித்தான் இது வெடிச்சிருக்கான்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லுடா."

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். மண்ணைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது, சின்ன வயசுல கிரிக்கெட் விளையாடி சட்டையில ஒட்டின நெய்வேலி செம்மண் மட்டும்தான். ஆனா மாமா கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? "பாக்கறேன் மாமா"ன்னு சொல்லிட்டேன். அந்த "பாக்கறேன்" ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துடுச்சு. அதுல கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, நெய்வேலி அண்டர்கிரவுண்ட் சுரங்கம் கிடையாது

நிறைய பேர் சுரங்கம்னாலே பூமிக்குள்ள குடைஞ்சு, தலையில லைட் கட்டிக்கிட்டு ஆளுங்க நடக்கிற இடம்னு நினைக்கிறாங்க. நெய்வேலி அப்படி இல்லை. திறந்தவெளிச் சுரங்கம். மேல இருக்கிற மண்ணையும் மணற்கல்லையும் முழுசா வெட்டி எடுத்துட்டு, அடியில இருக்கிற பழுப்பு நிலக்கரியை எடுப்பாங்க. அந்த ராட்சச பக்கெட் வீல் மெஷினை ஒரு தடவை பக்கத்துல பாத்தா மறக்க மாட்டீங்க.

அப்போ குடையாத ஊர்ல நிலம் எப்படி இறங்கும்? அதுக்கு நிலம் இறங்கற ரெண்டு வழியையும் பாக்கணும். ஒண்ணு, அடியில இருக்கிற கல்லை எடுத்தா இறங்கும். இன்னொண்ணு, அடியில இருக்கிற தண்ணியை எடுத்தா இறங்கும். முதல் வழி மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் பக்கம் ராணிகஞ்ச், ஜாரியா மாதிரி இடங்கள்ல. ரெண்டாவது வழிதான் நெய்வேலியில யோசிக்க வேண்டியது.

கல்லை எடுத்தா: இன்ஸ்டாகிராம் பிளர் மாதிரி

முதல் வழியை ஒரு கணக்கோட சொல்றேன். 100 மீட்டர் ஆழத்துல 3 மீட்டர் தடிமன்ல ஒரு நிலக்கரிப் படிவம். அதை அகலமா முழுசா எடுத்துட்டு, கூரையைத் தானா விழ விட்டுட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. லாங்வால் முறையில அப்படித்தான் செய்வாங்க. மேல தரையில என்ன ஆகும்?

பிரிட்டன்ல தேசிய நிலக்கரி வாரியம் பல சுரங்கங்களுக்கு மேல அளந்து பாத்து ஒரு கையேடே போட்டாங்க. அந்த ஊர் அனுபவத்துல, எடுத்த தடிமன்ல 90 சதவீதம் வரைக்கும் தரை இறங்கலாம். 3 மீட்டர் எடுத்தா 2.7 மீட்டர். இதுல கவனிக்க வேண்டிய விஷயம், பள்ளம் சுரங்கத்துக்கு நேர் மேல மட்டும் விழாது. ஓரத்துல இருந்து செங்குத்துக் கோட்டுக்கு 35 டிகிரி சாய்வா ஒரு கோடு போட்டா, அது தரையைத் தொடுற இடம் வரைக்கும் பாதிப்பு போகும். 100 மீட்டர் ஆழத்துக்கு அது 70 மீட்டர். அதாவது உங்க வீட்டுக்கு அடியில யாரும் குடையலைன்னாலும், 70 மீட்டர் தள்ளிக் குடைஞ்சாலே உங்க வீடு லேசா சாய ஆரம்பிக்கும்.

இதைக் கணிக்கிற முறைகள்ல எனக்குப் பிடிச்சது, 1953-ல போலந்துக்காரர் ஸ்டானிஸ்வாவ் க்னோத்தே கொடுத்தது. எடுத்த நிலக்கரியோட மேப்பைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சுக்கறாரு. ஒவ்வொரு கட்டமும் மேல தரையில மணி வடிவத்துல ஒரு குட்டிப் பள்ளத்தை உண்டாக்குது. எல்லாக் குட்டிப் பள்ளத்தையும் கூட்டினா மொத்தப் பள்ளம் வந்துடும். நம்ம பாஷையில சொல்லணும்னா இது காஸியன் பிளர். போட்டோவுல பின்னாடி இருக்கிறதை மங்கலாக்கறீங்களே, அதே கணக்கு. சுரங்கத்தோட மேப் ஒரு கருப்பு வெள்ளைப் படம். அதை பிளர் பண்ணினா தரையோட பள்ளம் கிடைக்கும். ஆழம் கூடக்கூட பிளர் ரேடியஸ் கூடும். பைதான்ல ரெண்டு வரி.

இதுக்கு அடுத்த படி, பாறையையே மாடல் பண்றது. பாறையைச் சின்னச் சின்ன உறுப்பா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் எடை, விறைப்பு, உடையற பலம் எல்லாம் கொடுத்துக் கணக்குப் போடுறது. பாறை தொடர்ச்சியான பொருள் கிடையாது, விரிசல் விட்ட கட்டிகளோட அடுக்குன்னு பீட்டர் கண்டல் 1971-ல ஒரு முறை கொண்டு வந்தாரு. ஒவ்வொரு கட்டியும் தனியா நகரும், சுழலும், பக்கத்துக் கட்டி மேல மோதும். கிட்டத்தட்ட கேம் ஃபிசிக்ஸ் இன்ஜின் மாதிரி. கூரை இடிஞ்சு விழற காட்சியை இதுல அப்படியே ஓட்டிப் பாக்கலாம்.

கேக்க சூப்பரா இருக்குல்ல? ஆனா ரெண்டு இடத்துல இது காலை வாரும். முதலாவது, கடன் வாங்கின எண்கள். நம்ம நாட்டு நிலக்கரிக்கு மேல இருக்கிற மணற்கல் பிரிட்டன் பாறையை விட பெரும்பாலும் கெட்டி. அதனால இறக்கம் பொதுவா குறைவாத்தான் வரும். அந்த 90 சதவீதத்தை இங்க அப்படியே போட்டா தப்பான மேப் வரும். ரெண்டாவது, இன்புட்டே இல்லாதது. ராணிகஞ்ச் பக்கம் 1774-லயே நிலக்கரி எடுக்க ஆரம்பிச்சாச்சு. பழைய காலத்துல குடைஞ்ச பல சுரங்கங்களுக்கு ஒழுங்கான மேப்பே கிடையாது. பிளர் பண்றதுக்குப் படமே இல்லைன்னா எந்த சாஃப்ட்வேர் வந்து என்ன பண்ணும்? ஜாரியா, ராணிகஞ்ச் மக்களை வேற இடத்துல குடியமர்த்த 2009-ல மத்திய அரசு ஒரு மாஸ்டர் பிளானே போட வேண்டி வந்தது.

தண்ணியை எடுத்தா: மூட்டை தூக்கற ரெண்டு பேர்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நெய்வேலி கதையே தண்ணியிலதான் ஆரம்பிக்குது. 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல தோண்டின கிணத்துல, தானா பொங்கி வந்த தண்ணியோட கருப்பா ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல என்.எல்.சி. நிறுவனம் உருவாச்சு. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சாரு. நிலக்கரி கண்ணுல பட்டது 1961 ஆகஸ்ட்ல.

ஏன் 4 வருஷம்? மேல இருக்கிற கடலூர் மணற்கல் ரொம்பக் கெட்டி, மெஷினோட பல்லைத் தேய்ச்சு எடுத்துடும். அது ஒரு தலைவலி. இன்னொரு தலைவலி, நிலக்கரிக்கு அடியில இருக்கிற மணல்ல அழுத்தத்தோட நிக்கிற தண்ணி. ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கின்னு சொல்வாங்க. அந்தத் தண்ணி மேல் நோக்கித் தள்ளற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6-ல இருந்து 8 கிலோ.

இதை மாத்திச் சொல்றேன். ஒரு சதுர மீட்டருக்கு 60-ல இருந்து 80 டன். சுரங்கம் தோண்டறதுக்கு முன்னாடி, மேல இருக்கிற மண்ணோட எடை இதை அமுக்கிப் பிடிச்சிருந்தது. மேல் மண்ணை வெட்டி எடுத்ததும் மிச்சம் இருக்கிறது நிலக்கரிப் படிவம் மட்டும். உதாரணத்துக்கு 15 மீட்டர் தடிமன்னு வெச்சா, அதோட எடை சதுர மீட்டருக்கு சுமார் 17 டன். கீழ இருந்து தள்ளறது 60 டன், மேல இருந்து அமுக்கறது 17 டன். சுரங்கத் தரை பிச்சுக்கிட்டு மேல வந்துடும், சுரங்கம் குளமாயிடும்.

அதனால 1961-ல இருந்து சுத்திலும் ஆழ்குழாய் போட்டுத் தண்ணியை எடுத்து அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே இருக்காங்க. அந்தத் தண்ணி அனல் மின் நிலையத்துக்குப் போகுது, டவுன்ஷிப்புக்கு வருது, வயலுக்குப் போகுது, ஒரு பகுதி சென்னைக்கும் போகுது. சென்னையில இதைக் கேக்கறவங்க, உங்க டம்ளர்லயும் நெய்வேலி கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இங்க ஒரு தப்பான படம் நம்ம மனசுல இருக்கு. எனக்கும் இருந்தது. தண்ணியை எடுத்தா அடியில குகை மாதிரி காலியாயிடும், ஒரு நாள் மேல இருக்கிறது பொத்துன்னு உள்ள போயிடும்னு. அப்படி இல்லை. அடியில மணல் இருந்த இடத்துலயே இருக்கு. என்ன மாறுதுன்னு பாருங்க.

ஒரு மூட்டையை ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிட்டு நிக்கறாங்க. ஒருத்தர் மணல், இன்னொருத்தர் தண்ணி. மூட்டைங்கறது மேல இருக்கிற மண்ணோட எடை. தண்ணியோட அழுத்தத்தைக் குறைச்சா, அவர் கையை எடுக்கறார்னு அர்த்தம். மூட்டை எடை அதே எடைதான், ஆனா இப்போ மணல் அதிகமா சுமக்கணும். சுமை ஏறினா மணல் துகள்கள் நெருங்கும். நெருங்கினா அந்த அடுக்கு கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் மேல தரை இறங்கறதா தெரியும். மண் இயக்கவியலோட அஸ்திவாரமே இந்த ஐடியாதான். 1920-கள்ல கார்ல் டெர்சாகி கொடுத்தது.

இதுல ஒரு ட்விஸ்ட் உண்டு. மணல் ஸ்பிரிங் மாதிரி. தண்ணி திரும்பி வந்தா பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். களிமண் அப்படி இல்லை. அது மெதுவா, வருஷக்கணக்கா சுருங்கும். ஒரு அளவுக்கு மேல சுருங்கிட்டா, எவ்வளவு தண்ணி விட்டாலும் பழையபடி உப்பாது. கலிஃபோர்னியாவோட சான் வாகீன் பள்ளத்தாக்குல விவசாயத்துக்குத் தண்ணி எடுத்தே 1925-க்கும் 1977-க்கும் நடுவுல ஒரு இடத்துல தரை சுமார் 9 மீட்டர் இறங்கிடுச்சு. ஜோசப் போலண்ட்ங்கற விஞ்ஞானி ஒரு கம்பத்துல 1925, 1955, 1977-ல தரை எங்க இருந்ததுன்னு போர்டு மாட்டி, அது கீழ நிக்கிற போட்டோ ரொம்பப் பிரபலம். 1925 போர்டு அவர் தலைக்கு எங்கயோ மேல இருக்கும். நெய்வேலி மாதிரியே திறந்தவெளியில பழுப்பு நிலக்கரி எடுக்கிற ஜெர்மனியோட ரைன்லாந்துலயும், சுரங்கத்துக்காகத் தண்ணி எடுத்ததுல தரை மீட்டர் கணக்குல இறங்கியிருக்கு. அதனால மாமா கேட்ட கேள்வி முட்டாள்தனமான கேள்வி கிடையாது.

ஒரு ராத்திரியில வந்த மேப்

சரி, நான் என்ன பண்ணேன்? மாட்ஃப்ளோன்னு ஒரு ப்ரோகிராம் இருக்கு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1980-கள்ல எழுதினது. ஃபோர்ட்ரான்ல எழுதினது, இன்னைக்கும் இலவசம், இன்னைக்கும் உலகம் பூரா நிலத்தடி நீர் மாடலுக்கு இதைத்தான் எடுக்கறாங்க. தரையடியை கட்டம் கட்டமா பிரிச்சு, எந்தக் கட்டத்துல இருந்து எந்தக் கட்டத்துக்குத் தண்ணி போகும்னு கணக்குப் போடும். தரை இறக்கத்துக்கும் அதுல தனியா ஒரு பகுதி இருக்கு. பைதான்ல இருந்தே ஓட்டலாம். ஒரு சனிக்கிழமை ராத்திரி உக்காந்தேன். விடியறதுக்குள்ள மேப் வந்துடுச்சு. நடுவுல சிவப்பு, சுத்தி ஆரஞ்சு, ஓரத்துல மஞ்சள். மாமா ஊர் மஞ்சள்ல.

பெருமையா மாமாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். பத்து நிமிஷத்துல போன். "மாப்ள, இதை நல்லா கலர்ல பிரிண்ட் போட்டு அனுப்புடா. மனுவோட சேர்த்துக் கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கலாம்."

அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

ஏன்னா அந்த மேப்புக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். சாரத்தை ஒரு வரியில சொல்லிடலாம்: சுருக்கம்னா, குறைஞ்ச அழுத்தத்தை மண்ணோட விறைப்பால வகுத்து, அடுக்கோட தடிமனால பெருக்கணும். அழுத்தம் 6 கிலோ குறைஞ்சதுன்னு வெச்சேன். 100 மீட்டர் மணல், விறைப்பு 2000. விடை 30 சென்டிமீட்டர். அந்த 2000 எங்க இருந்து வந்தது? ஒரு பாடப் புத்தகத்துல "மணல்"னு போட்டிருந்த வரிசையில இருந்து. அதே மணல் நல்லா இறுகினதா இருந்தா 15,000-னு போடலாம். விடை 4 சென்டிமீட்டர். மணலுக்கு நடுவுல 20 மீட்டர் இளகின களிமண் இருந்து, அதோட விறைப்பு 100-னு போட்டா, அந்தக் களிமண் மட்டுமே 1.2 மீட்டர் சுருங்கும். ஒரே கோட், ஒரே கலர், 4 சென்டிமீட்டர்ல இருந்து 1.2 மீட்டர் வரைக்கும் எது வேணும்னாலும் வரும். அதோட, அந்த 6 கிலோ சுரங்கத்துக்குப் பக்கத்து எண். மாமா ஊருக்கு அடியில அழுத்தம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு நான் பாக்கவே இல்லை. எல்லை எங்க முடியுதுன்னு நானா ஒரு கோடு போட்டேன், மாடல் அதுக்கேத்த மஞ்சளைக் கொடுத்துச்சு.

நம்ம வேலையில இப்படி ஒரு டேஷ்போர்டு போட்டா, ரிவ்யூவுல யாராவது "இந்த நம்பர் எங்க இருந்து வந்தது?"ன்னு கேப்பாங்க. மனுவோட ஒட்டின மேப்பை அப்படி யார் கேப்பாங்க? இந்த மண்ணுல நிலம்கிறது எவ்வளவு வலியான விஷயம்னு உங்களுக்குத் தெரியும். 2023 ஜூலையில வளையமாதேவியில விளைஞ்சு நின்ன நெல் வயல்ல மண் வெட்டுற மெஷின் இறங்கின வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க. அப்படிப்பட்ட இடத்துல நான் ஒரு ராத்திரி ஊகத்தைக் கலர் அடிச்சு "கம்ப்யூட்டர் சொல்லுது"ன்னு குடுத்தா, நாளைக்கு எதிர்ப்பக்கத்துல ஒரு உண்மையான நிபுணர் அஞ்சு நிமிஷத்துல அதைக் கிழிச்சுப் போட்டுடுவாரு. அப்புறம் மாமா சொல்ற நியாயமான விஷயத்தையும் யாரும் கேக்க மாட்டாங்க.

"பிரிண்ட் வேணாம் மாமா, அது இன்னும் ரெடி ஆகலை"ன்னு சொன்னேன். ஒரு வாரம் பேசலை அவர்.

மூணு எண்கள்

அந்த ஒரு வாரத்துல நான் கேள்வியை மாத்தினேன். தரை எவ்வளவு இறங்குதுங்கறதை விட்டுட்டு, வீடு எப்போ வெடிக்கும்னு பாத்தேன்.

வீடு இறங்கினா வெடிக்காது. வீட்டோட ஒரு மூலை இறங்கி இன்னொரு மூலை இறங்காம இருந்தாத்தான் வெடிக்கும். லிஃப்ட்ல மொத்தமா கீழ போனா உங்க கையில இருக்கிற காபி சிந்தாது, தட்டு சாய்ஞ்சாத்தான் சிந்தும். 1956-ல ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டுன்னு ரெண்டு பேர் நிறையக் கட்டடங்களைப் பாத்து ஒரு எல்லை சொன்னாங்க: 300-ல ஒரு பங்கு சாய்வு வித்தியாசம் வந்தா சுவர்ல விரிசல் எதிர்பார்க்கலாம். அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 3.3 மில்லிமீட்டர்.

இப்போ இதை வெச்சு ரெண்டு வழியையும் பாருங்க. குடையற சுரங்கத்துல 2.7 மீட்டர் இறக்கம், ஓரத்துக்கு வெளிய 70, உள்ள 70, மொத்தம் 140 மீட்டர் தூரத்துக்குள்ள நடந்துடுது. மீட்டருக்குச் சராசரியா 19 மில்லிமீட்டர். வீடு தாங்காது.

என்னோட பயமுறுத்தற மேப்ல 30 சென்டிமீட்டர் இறக்கம் 10 கிலோமீட்டர் தூரத்துல பரவியிருந்தது. மீட்டருக்கு 0.03 மில்லிமீட்டர். வெடிக்கற எல்லையில நூத்துல ஒரு பங்கு.

19, 3.3, 0.03. இந்த மூணையும் பேப்பர்ல எழுதிப் பாத்தப்போதான் எனக்கு லைட் எரிஞ்சுது. என் மாடலே, அதோட அத்தனை ஊகத்தோடயும் உண்மைன்னு எடுத்துக்கிட்டாக்கூட, மாமா வீட்டுச் சுவரை அது வெடிக்க வைக்காது. சுரங்கத்தோட ஓரத்துக்குப் பக்கத்துல, இல்லை அடியில களிமண் திடீர்னு தடிச்சு மெலியற இடத்துல, கதை வேற. ஆனா மாமா ஊர் சுரங்கத்துல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கு.

அப்போ விரிசல்?

ரெண்டு ஸ்க்ரூ, ஒரு வெர்னியர்

சிவில் படிச்ச ஒரு நண்பன்கிட்ட கேட்டேன். அவன் சிரிச்சிட்டு, "மாடலை மூடி வைடா. விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஸ்க்ரூ அடி. மாசா மாசம் நடுவுல இருக்கிற தூரத்தை அளந்து எழுது"ன்னான். அவ்வளவுதான். ஆன்லைன்ல ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி அனுப்பினேன். மாமா பொண்ணு அப்போ பிளஸ் ஒன். ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயித்துக்கிழமை அளந்து, நோட்டுல எழுதி, எனக்குப் போட்டோ அனுப்புவா. ஒரு மாசம்கூட விட்டதில்லை.

நிலம் நிரந்தரமா இறங்கினா விரிசல் என்ன பண்ணும்? விரிஞ்சுக்கிட்டே போகும், திரும்பாது. இது அப்படிப் போகலை. ஜூன், ஜூலையில கொஞ்சம் கூடுச்சு. ஐப்பசி மழை பெஞ்சதும் குறைய ஆரம்பிச்சுது. டிசம்பர்ல ஆயா போட்டோவுக்குப் பக்கத்துல தேடித்தான் கண்டுபிடிக்கணும், அந்த அளவுக்கு மூடிடுச்சு. திரும்ப மே மாசம் வாய் திறந்துச்சு.

மூச்சு விடற விரிசல். அது மேல் மண்ணோட வேலை. மாமா வீடு இருக்கிறது கறுப்புக் களிமண் மேல. வெயில்ல காய்ஞ்சு சுருங்கும், மழையில ஊறி உப்பும். அந்த மூலைக்குப் பக்கத்துல ஆயா வெச்ச வேப்பமரம் வேற. கோடையில அது வேர்ல ஈரத்தை உறிஞ்சி அந்த மூலையை மட்டும் கூடுதலா சுருங்க வைக்குது. அஸ்திவாரமோ முட்டி ஆழம்தான்.

மாமாகிட்ட போய்ச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. அப்புறம், "அப்போ சுரங்கத்தால பூமி எறங்கலைன்னு எழுதிக் குடுப்பியாடா?"ன்னு கேட்டாரு. கோபத்துலதான் கேட்டாரு. ஆனா அது சரியான கேள்வி.

"அதையும் எழுத முடியாது மாமா. இந்தச் சுவர் களிமண்ணால வெடிச்சிருக்கு. பூமி இறங்குதா இல்லையாங்கறதை இந்தச் சுவரால சொல்ல முடியாது. அதை வேற இடத்துல அளக்கணும்."

எங்க அளக்கணும்?

முதலாவது, கிணறு. சுரங்கத்துல தண்ணி எடுக்கறதோட பாதிப்பு நம்ம ஊர்ல முதல்ல தெரியற இடம் நீர்மட்டம்தான், சுவர் இல்லை. நீர்மட்டம்தான் மாடலோட முக்கியமான இன்புட்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகள்ல வருஷத்துக்குப் பல தடவை அளக்கறாங்க, அந்த விவரம் பொதுவெளியில கிடைக்குது. அதோட, தண்ணி எடுக்கறது சுரங்கம் மட்டும் இல்லை. நம்ம போர்வெல்லும் எடுக்குது. யார் பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கறதுக்குத்தான் உண்மையிலேயே மாடல் வேணும். பழைய 20, 30 வருஷ நீர்மட்டத்தை மாடல் சரியாத் திருப்பிச் சொல்லுதான்னு முதல்ல பாக்கணும். நடந்ததையே சொல்லத் தெரியாத மாடல் நடக்கப் போறதைச் சொல்லக் கூடாது.

ரெண்டாவது, தரை மட்டம். கல்லு நட்டு, லெவல் வெச்சு, வருஷா வருஷம் அளக்கறது. பழைய முறைதான், ஆனா இதுக்கு ஈடு கிடையாது. இப்போ செயற்கைக்கோள்லயும் பாக்கலாம். ஒரே இடத்தை ரேடார்ல ரெண்டு தடவை படம் எடுத்து, அலையோட கட்ட வித்தியாசத்தைப் பாத்தா, தரை மில்லிமீட்டர் கணக்குல நகர்ந்ததைக்கூடப் பிடிக்கலாம். ஐரோப்பாவோட சென்டினல்-1 படங்கள் 2014-ல இருந்து இலவசம். ஆனா அதோட ரேடார் அலை நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். முந்திரித் தோப்பு, கரும்பு, நெல்லுன்னு பச்சையா இருக்கிற இடத்துல இலை அசைஞ்சாலே சிக்னல் குழம்பிடும். நம்ம பக்கம் பூரா முந்திரியும் கரும்பும்தானே! 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன நிசார் செயற்கைக்கோள்ல நாசாவோட ரேடாருக்கு அலை நீளம் சுமார் 24 சென்டிமீட்டர். அது இலைக்கு ஊடால நல்லாவே போகும். 12 நாளைக்கு ஒரு தடவை அதே இடத்துக்குத் திரும்ப வரும். வருஷக்கணக்கா டேட்டா சேரச் சேர, மாமாவோட கேள்விக்கு ஊகம் இல்லாத பதில் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

மூணாவது, பின்னாடி வரப் போற கேள்வி. என்னைக்கோ ஒரு நாள் நிலக்கரி தீரும், பம்ப் நிக்கும், அழுத்தம் திரும்ப ஏறும். வெட்டின மண்ணைக் கொட்டி மூடின இடத்துக்குள்ள தண்ணி ஏறும். கொட்டின மண் முதல் தடவை நனையும்போது அமுங்கற குணம் உள்ளது. அது மேல என்ன கட்டலாம், எப்போ கட்டலாம்? இதுக்கு இப்பவே அளக்க ஆரம்பிச்சாத்தான் அப்போ மாடலுக்கு இன்புட் இருக்கும். ராணிகஞ்ச்ல பழைய மேப் இல்லாம இன்னைக்குத் திண்டாடறாங்களே, அந்த நிலைமை நம்ம பேரப்பிள்ளைங்களுக்கு வரக் கூடாது.

அதனால மாமா இப்போ மனுவை மாத்தி எழுதியிருக்காரு. என் கலர் மேப் அதுல இல்லை. நாலு வரிதான்: எங்க ஊர்ல ஒரு லெவல் கல் நடுங்க. எங்க ஊர்ல ஒரு கண்காணிப்புக் கிணறு போடுங்க. வருஷா வருஷம் அளக்கற எண்ணைப் பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல எழுதிப் போடுங்க. எங்களுக்கும் காப்பி குடுங்க. பின்னிணைப்பா மாமா பொண்ணோட நோட்டு, பதினாலு மாசக் கணக்கு. "எங்க வீட்டுல ஒரு பிளஸ் டூ பொண்ணால அளக்க முடிஞ்சா, உங்களால முடியாதா?"ன்னு கேக்கறதுக்காம்.

மேப் ரெடி ஆச்சான்னு மாமா இன்னும் அப்பப்போ கேக்கறாரு. "கல்லு நடட்டும் மாமா, அப்புறம் போடலாம்"னு சொல்லிட்டு இருக்கேன். வேப்பமரத்தை வெட்டலை. ஆயா வெச்ச மரம். கூரைத் தண்ணி அந்த மூலையில தேங்காம ஒரு குழாய் போட்டு விட்டோம், சுவரை ஒட்டி சிமென்ட் தளம் போட்டோம். இந்த மே மாசம் காசு உள்ள போகலை. ஆனா ஒரே ஒரு கோடையை வெச்சு முடிவு சொல்லக் கூடாது. அளந்துக்கிட்டுத்தான் இருக்கோம்.

உங்க வீட்டுலயும் விரிசல் இருந்தா, யாரைத் திட்டறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்க்ரூ அடிங்க. ஒரு வருஷம் கழிச்சு என்ன வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.